கைக்குழந்தையோடு ஊரில் ஒரு கோடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு நாலு வயது, சின்னவளுக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடக்கிறது. குடியிருப்பது சென்னை. அம்மா வீடு அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றங்கரைக் கிராமம். மாமியார் வீடு கோவில்பட்டிக்கு அருகே கரிசல் காடு. கோடை முழுக்க இந்த இரண்டு ஊர்தான். முதல் பிள்ளை பெற்ற தோழிகள் ஏப்ரல் பிறந்ததுமே ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த வெயிலில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகத்தான் வேண்டுமா?

போகலாம். ஆனால் அங்கே தங்கப் போகும் வீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த நாட்களில் ஓட்டு வீட்டின் நடு அறையில் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும்; தகரக் கூரைக்குக் கீழே பெரியவர்களாலேயே பகலில் இருக்க முடியாது. பிள்ளை பிறந்து ஓரிரு மாதம்தான் ஆகிறதென்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், ஊர் எங்கேயும் போய்விடாது.

ஏன் போக வேண்டும் என்று கேட்டால் எனக்கு ஒரே பதில்தான். சென்னையில் என் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரியவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஊரில் ஒரு தெருவே அவனை அவன் தாத்தா பெயரைச் சொல்லி, "இன்னார் பேரனா நீ?" என்று நிறுத்தி வைத்துப் பேசுகிறது. பிள்ளை மனிதர்களோடு பழக வேண்டும் என்றுதான் இத்தனை மூட்டை கட்டிக்கொண்டு போகிறோம். வத்தல், ஊறுகாய், கோயில், விருந்து எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ரயிலா, பஸ்ஸா, காரா?

கைக்குழந்தை இருந்தால் ரயில்தான். காலை நீட்டலாம், பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம், பால் கொடுக்கலாம். 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்பிருந்துதான் முன்பதிவு செய்ய முடியும். மே மாதப் பயணம் என்றால் மார்ச்சிலேயே நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, முன்பதிவு திறக்கிற காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் தீர்ந்துபோக அதிக நேரம் ஆகாது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். கீழ்ப் படுக்கையாகப் பாருங்கள். திருநெல்வேலியில் இறங்கி செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினால் எங்களுக்கு வீட்டு வாசல் மாதிரிதான்.

பஸ்ஸில்தான் போகவேண்டும் என்றால் இரவுப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்துகளிலும் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை. 2015-லிருந்து தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. இறங்கியதும் அது எந்தப் பக்கம் என்று டைம் கீப்பரிடம் கேட்டுவிடுங்கள், கூச்சமே வேண்டாம்.

வெயிலுக்கு நாக்கு வறண்டுவிடும், குழந்தைக்குத் தண்ணீர் கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா?

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான். எந்த வெயிலிலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். பாலிலேயே பெரும்பங்கு தண்ணீர்தான் இருக்கிறது. தண்ணீரைப் புகட்டினால் அந்தச் சின்ன வயிறு நிறைந்து, பால் குடிப்பது குறைந்துபோகும். கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும் பயமும் உண்டு. வெயில் நாளில் பிள்ளை அடிக்கடி பாலுக்கு அழும். அதுதான் அதற்குத் தாகம். கேட்கும்போதெல்லாம் கொடுங்கள், நீங்கள் நிறையத் தண்ணீர், மோர், நீராகாரம் குடியுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு சாப்பாட்டோடு சேர்த்து, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

இது தெரிந்த விஷயம்தான். கஷ்டம் எங்கே என்றால், ஆச்சியிடம் சொல்வதில். "ஏட்டி, பிள்ளைக்கு நாக்கு வறளுது பாரு, ரெண்டு சங்கு தண்ணி புகட்டுனா என்ன?" என்று ஆச்சி கேட்கிறபோது அதில் பாசம் மட்டும்தான் இருக்கிறது. ஏழெட்டுப் பிள்ளைகளை வளர்த்த கை அது. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று எடுத்தெறிந்து பேசினால் அன்றைக்கே வீட்டில் முகம் வாடிவிடும். நான் செய்வது இதுதான்: ஊருக்குப் போன முதல் நாளே ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் எதையெல்லாம் வேண்டாம் என்று சொன்னார் என்பதைப் பொறுமையாகச் சொல்லிவிடுவேன். தேன் ஒரு வயது வரை கூடாது. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், கடையில் விற்கும் கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். கண்மையைக் கண்ணுக்குள் தீட்ட வேண்டாம், கன்னத்திலோ உள்ளங்காலிலோ ஒரு பொட்டு வைத்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டு, ஆச்சிக்கென்று சில வேலைகளை விட்டுவிடுவேன். எண்ணெய் தேய்ப்பது ஆச்சி. தொட்டில் ஆட்டுவது ஆச்சி. சாயங்காலம் சுற்றிப்போடுவதும் ஆச்சிதான். எல்லாவற்றுக்கும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவர்கள் பிள்ளையை விட்டே விலகிவிடுவார்கள். நாம் ஊருக்குப் போனதே வீணாகிவிடும்.

வேர்க்குருவுக்கு என்ன செய்வது?

மெல்லிய பருத்திச் சட்டை, இரண்டு வேளை வெறும் தண்ணீரில் உடம்பு துடைப்பது, காற்றோட்டம். பவுடரைக் கொட்ட வேண்டாம், அது மூச்சில் போகும். அம்மாவின் பழைய நூல் சேலையில் கட்டிய தொட்டில் பகல் தூக்கத்துக்கு நன்றாக இருக்கும். பெரியவர் ஒருவர் கண் பார்வையிலேயே இருக்க வேண்டும். வேகமாக ஆட்டிவிட மூத்த பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

வத்தல் போடும் வேலையில் நானும் சேர வேண்டுமா? பிள்ளையை வைத்துக்கொண்டு முடியுமா?

சேருங்கள். ஆனால் எல்லா நாளும் அல்ல, எல்லா வேலையும் அல்ல.

கூழ் வத்தல் போடும் நாளைச் சொல்கிறேன், எங்கே நுழையலாம் என்று உங்களுக்கே தெரியும். முந்தின நாள் பச்சரிசியோடு ஒரு கை ஜவ்வரிசி போட்டு ஊறவைத்து, சாயங்காலம் மாவாக ஆட்டி வைத்துவிடுவார்கள். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டியாகிவிடும். கரண்டியால் எடுத்து ஊற்றுகிற வத்தல் என்றால் ஒரு பங்கு அரிசிக்கு ஐந்து, ஆறு பங்கு தண்ணீர் கொதிக்க வேண்டும். மாவை ஊற்றிக் கிண்டத் தொடங்கினால் கை எடுக்க முடியாது, அடி பிடித்துவிடும். பச்சை மிளகாயும் உப்பும் அரைத்த விழுது, பெருங்காயம், சீரகம். உப்பை ஒரு மாத்திரை குறைவாகப் போடச் சொல்வாள் அம்மா. கூழாக இருக்கும்போது சரியாகத் தெரிகிற உப்பு, காய்ந்து சுருங்கியதும் கரிக்கும். கூழ் கண்ணாடி மாதிரி மினுங்க ஆரம்பித்ததும் விரலை நனைத்துத் தொட்டுப் பார்ப்பாள். ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. ஆறியதும் எலுமிச்சைச் சாறு. அப்புறம் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஈரம் பிழிந்த பழைய வேட்டியை விரித்து, வெயில் ஏறுவதற்குள் சின்னச் சின்ன வட்டமாக ஊற்றி முடித்துவிடவேண்டும். நாலு மூலையிலும் கல், நடுவில் ஒரு கறுப்புக் குடை, பக்கத்தில் கொஞ்சம் மிளகாய் வத்தல். காக்காய் அண்டாது. மறுநாள் வேட்டியைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வத்தல் முனகாமல் கழன்று வரும். அப்புறம் சுளகில் போட்டு மறுபடியும் இரண்டு மூன்று நாள் காய்ச்சல்.

இதில் அடுப்படி வேலை பால் கொடுக்கிற தாய்க்கு வேண்டாம். பிள்ளை எப்போது எழும் என்று யாருக்கும் தெரியாது, கொதிக்கிற கூழை விட்டுவிட்டு ஓடவும் முடியாது. மாடியில் ஊற்றுவது, மாலையில் உரித்தெடுப்பது, திண்ணையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நுனி கிள்ளுவது, மணத்தக்காளி ஆய்வது, இவற்றில் சேரலாம். பிள்ளை மடியில் இருந்தாலும் நடக்கிற வேலைகள் அவை. பேச்சும் அங்கேதான் நடக்கும். எந்த அத்தைக்கும் எந்தச் சித்திக்கும் எதனால் பேச்சுவார்த்தை நின்றது, அம்மாவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது வீட்டில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் நான் அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

மூத்தவன் மாதிரிப் பிள்ளைகளைக் காக்காய் விரட்ட நிறுத்துங்கள், கையில் ஒரு குச்சி போதும். வெயில் ஏறியதும் கீழே இறக்கிவிடுங்கள்.

மோர் மிளகாய், மிளகாய்ப்பொடி?

மோர் மிளகாய் எளிது. மிளகாயின் அடிப்பக்கம் லேசாகக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி ஊறவைப்பது, பகலில் காயவைப்பது, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போடுவது. மோர் முழுக்க இழுத்துக்கொள்ளும் வரை இப்படி.

வருடத்துக்கான மிளகாய் வத்தலை கோவில்பட்டிப் பக்கம் வாங்கி, மல்லியோடு காயவைத்து மில்லில் திரித்து வருவது எங்கள் வழக்கம். மாமா மில்லுக்குப் போவார். பால் கொடுக்கிறவர்கள் மிளகாய் தொட்ட கையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். சோப்பு மட்டும் போதாது. முதலில் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எல்லாச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய்த்தான் ஆகவேண்டுமா? யார் வீட்டுக்கு முதலில்?

எல்லா வீட்டுக்கும் போக முடியாது, போகவும் கூடாது. ஒரே நாளில் நாலு வீடு ஏறி இறங்கினால் எந்த வீட்டிலும் பிள்ளை யாரிடமும் ஒட்டாது. அழும், நாமும் "பசி, தூக்கம்" என்று சொல்லிக்கொண்டே கிளம்பிவிடுவோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு. மத்தியானத் தூக்கம் முடிந்து, வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள். போன இடத்தில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். பிள்ளை புது முகத்தைப் பார்த்து அழுது, அடங்கி, கையை நீட்ட அவ்வளவு நேரம் வேண்டும்.

வரிசை என்று கேட்டால், போன வருடத்துக்குள் சாவு விழுந்த வீடுதான் முதலில். துக்கம் கேட்காமல் மற்ற வீடுகளில் சிரித்துப் பேசிவிட்டு வந்தால் அது ஆறாத குறையாக நின்றுவிடும். அங்கே பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம், அம்மாவிடம் விட்டுவிட்டு நீங்களும் கணவரும் மட்டும் போய்வாருங்கள். செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்கப் போகாத வீடுகள் பல, நாளைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, எழுந்து நடமாட முடியாத முதியவர்கள் இருக்கும் வீடு. அவர்களால் நம்மைப் பார்க்க வர முடியாது. என் அப்பாவின் அத்தை கட்டிலோடு கிடக்கிறார். சின்னவளை அவர் பக்கத்தில் படுக்க வைத்ததும், சுருங்கிய விரலால் அவள் பாதத்தைத் தடவித் தடவி, "நம்ம வீட்டுக் காலு" என்றார். இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளம், எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அப்படித்தான். அது இந்த வீட்டின் அடையாளம் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மற்றவர்கள்? நல்ல நடமாட்டத்தில் இருப்பவர்கள் உங்களைத் தேடி வரட்டும். "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அலைய முடியல சித்தி, நீங்க வாங்க" என்று போனில் உரிமையோடு சொன்னால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

வெறுங்கையோடு போகாமல் என்ன வாங்கிப் போவது?

பழமும் பூவும் போதும். சர்க்கரை உள்ள வீட்டுக்கு இனிப்பைச் சுமந்துகொண்டு போகாதீர்கள். பிள்ளை கையில் பணம் வைத்தால் மறுக்காமல் வாங்கி, யார் எவ்வளவு கொடுத்தார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் செய்ய வேண்டியது அது.

வருகிறவர்கள் எல்லாம் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுக்கிறார்கள். எப்படித் தடுப்பது?

தூக்குவதைத் தடுக்காதீர்கள். கை கழுவச் சொல்லுங்கள், முகத்தில் முத்தம் வேண்டாம் என்று சொல்லுங்கள். திண்ணையிலேயே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துவிட்டால் வாய் திறந்து சொல்லவே வேண்டாம். வெளியிலிருந்து வந்தால் கால் கை கழுவிவிட்டு உள்ளே வருவது நம் ஊர்ப் பழக்கம்தானே. சளி, இருமல் இருப்பவரிடம் மட்டும் தயங்காமல் "நாளைக்குத் தூக்குங்க மாமா" என்று சொல்லிவிடுங்கள்.

அம்மா வீட்டில் எத்தனை நாள், மாமியார் வீட்டில் எத்தனை நாள்?

கிளம்புவதற்கு முன்பே கணவரோடு பேசி, இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள். போன பிறகு "இன்னும் ரெண்டு நாள் இரேன்" என்று இழுத்தால் மற்ற வீட்டில் வருத்தம் வரும். நாட்கள் சமமாக இருக்க வேண்டும் என்பதைவிட நல்ல நாள் கிழமை சமமாக அமைவது முக்கியம். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு வீடு என்றால், கணவரின் விடுமுறை நாட்களுக்கு மற்ற வீடு.

ஊருக்குப் போனால் ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன். இங்கே வேலை இரண்டு மடங்கு. என்ன செய்வது?

இதைக் கேட்காத தோழி கிடையாது, எனக்கும் மனசுக்கு நெருக்கமான கேள்வி இதுதான். விருந்தாளி வருவார்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை காப்பி போடுவது என்று கணக்கே இருக்காது. ஆண்கள் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளை ராத்திரி நாலு தடவை எழுப்பியிருக்கும். காலையில், "இன்னும் எழுந்திரிக்கலையா?" என்று ஒரு குரல் வரும்.

மனசுக்குள் வைத்துப் புழுங்காதீர்கள். முதல் இரண்டு நாளுக்குள் இரண்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிள்ளை தூங்கும்போது நானும் தூங்குவேன், அந்த நேரத்தில் யார் வந்தாலும் என்னை எழுப்ப வேண்டாம். இது ஒன்று. எனக்கென்று ஒரு வேலை கொடுங்கள், அதை நான் முழுதாகச் செய்கிறேன். இது இரண்டாவது. கோவில்பட்டியில் ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு. மத்தியானச் சமையல் அத்தையும் மதினியும். நான் என் வேலையைக் குறையில்லாமல் செய்வதால், மத்தியானம் படுத்திருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கணவர் அங்கே மகனாக மட்டும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூத்தவனைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது, வெளியே கூட்டிப்போவது எல்லாம் சென்னையில் அவர் செய்கிற வேலைகள்தான். ஊரிலும் அவரே செய்யட்டும். அத்தைக்கு முதலில் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. இப்போது, "எம்மவன் பிள்ளைய நல்லாக் குளிப்பாட்டுவான்" என்று அக்கம்பக்கத்தில் அவரேதான் சொல்கிறார்.

நுங்கு, பதநீர், மாம்பழம், கடலை மிட்டாய்: பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு இட்லி, குழைந்த பருப்புச் சோறு நெய்யோடு, கேழ்வரகுப் பால் கூழ், மசித்த வாழைப்பழம், பழுத்த மாம்பழச் சதை. ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை சேர்க்காமல். இளம் நுங்கைத் தோல் உரித்து, நன்றாக மசித்துக் கொடுக்கலாம். முழுசாக வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போகவிடக்கூடாது. பதநீர் புளிக்காமல் இருக்கப் பானைக்குள் சுண்ணாம்பு தடவி இறக்குவார்கள், வெயில் ஏறினால் அதுவும் புளிக்கும். கைக்குழந்தைக்கு வேண்டாம். பால் கொடுக்கிற நீங்கள் காலையில் இறக்கியதைக் குடிக்கலாம்.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அத்தனை பெருமை எங்களுக்கு. ஆனாலும் சின்னப் பிள்ளைக்கு அது ஆபத்து. முழுக் கடலை மூச்சுக்குழாயில் சிக்கும். என் நாலு வயதுக்காரனுக்கே பொடித்துத்தான் கொடுக்கிறேன்.

ஆற்றில், கிணற்றில் குளிக்க விடலாமா?

மூத்த பிள்ளையை, கை எட்டும் தூரத்தில் நீச்சல் தெரிந்த பெரியவர் இருந்தால் மட்டும், படித்துறையில். தாமிரபரணி பார்க்க அமைதியாக இருக்கும், மணல் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது. பெரிய பிள்ளைகளிடம் சின்னப் பிள்ளையை ஒப்படைத்து அனுப்பவே கூடாது. வீட்டுக் கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி திறந்து கிடக்கிறதா என்று போன அன்றே பாருங்கள். தவழும் பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து.

அவசரம் என்றால் ஊரில் என்ன செய்வது?

108 எல்லாக் கிராமத்துக்கும் வரும். வீட்டு அடையாளத்தை, கோயில் பக்கம், ரேஷன் கடை எதிரே என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ, மருந்து வைத்துக்கட்டவோ கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்கு. ராத்திரி வாசலுக்குப் போனாலும் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் பாலை நிறுத்தாதீர்கள். ஒரு பாக்கெட் ஓஆர்எஸ்ஸை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுசாகக் கலக்கி, கரண்டியால் அடிக்கடி. பாக்கெட்டைப் பாதி பாதியாகக் கண்ணளவில் கலக்கக்கூடாது. சிறுநீர் குறைந்து, வாய் உலர்ந்து, உச்சிக்குழி உள்வாங்கி, பிள்ளை துவண்டுபோனால் காத்திருக்க வேண்டாம்.

தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் போடுகிற தட்டம்மை, ரூபெல்லா ஊசியை எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம். எந்த நாள் என்று கிராம செவிலியரிடம் முன்பே கேட்டு வையுங்கள், பெரும்பாலும் புதன்கிழமையாக இருக்கும்.

கோயில் கொடைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகலாமா?

பகலில் பொங்கல் வைக்கும்போது, முளைப்பாரி எடுக்கும்போது கொண்டுபோங்கள். மேளமும் வேட்டும் பக்கத்தில் வேண்டாம். ராத்திரி வில்லுப்பாட்டை ஒலிபெருக்கி வீட்டுக்கே கொண்டுவந்துவிடும், திண்ணையில் பாய் விரித்துக் கேட்கலாம்.

திரும்பும்போது என்ன எடுத்து வருவது? வத்தல் சென்னையில் நமுத்துப் போகிறதே?

வத்தல், மோர் மிளகாய், மிளகாய்ப்பொடி, கொட்டை எடுத்த புளி, கருப்பட்டி. இவ்வளவு போதும், கையில் பிள்ளை இருக்கிறது. மற்றதைப் பார்சலில் போடச் சொல்லுங்கள். கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் வத்தலை மறுபடி ஒரு வெயில் காட்டி, சூடு முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துவிடும். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். அதனால் ஒரே பெரிய டப்பாவில் வைக்காமல் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்து, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்னால், புரட்டாசி வெயிலில் எல்லாவற்றையும் ஒரு தடவை பால்கனியில் காயவைத்து எடுத்தால் பொங்கல் வரைக்கும் மொறுமொறுவென்று பொரியும்.